எலும்பை எடுப்பதற்கு முன்: ரோமானியர் காலக் கிராமத்து இடுகாட்டைத் தோண்டும் முறை

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் ஃபென்ஸ்டான்டன் என்றொரு ஊர். அங்கே வீடுகள் கட்டுவதற்கு முன் 2017-ல் நடந்த அகழாய்வில் ரோமானியர் காலத்துச் சிறிய இடுகாடுகள் ஐந்து வெளிப்பட்டன. பெரியவர்கள் 40 பேர், குழந்தைகள் 5 பேர். அவர்களில் 25 முதல் 35 வயதுக்குள் இறந்த ஓர் ஆணின் வலது குதிகால் எலும்பில் இரும்பு ஆணி ஒன்று குறுக்காகப் பாய்ந்திருந்தது. சிலுவையில் அறையும் தண்டனைக்கு இதுவரை கிடைத்துள்ள எலும்புச் சான்றுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இது அவற்றில் ஒன்று. ஆனால் ஆணி களத்தில் யார் கண்ணிலும் படவில்லை. மண் அப்பிய எலும்பு பைக்குள் போய், ஆய்வகத்தில் கழுவும்போதுதான் தெரிந்தது.

அந்த உடலைச் சுற்றி இன்னும் 12 ஆணிகள் கிடந்தன. பிணத்தைக் கிடத்திய பலகையின் ஆணிகளாக அவை இருக்கலாம். அப்படியென்றால் குதிகாலில் இருந்ததும் பலகை ஆணி தற்செயலாக ஏறியதுதானோ? அந்தக் கேள்விக்குப் பதில் எலும்பிலேயே இருந்தது. ஆணி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரை சென்றிருக்கிறது. பக்கத்திலேயே, முதல் முறை சரியாக இறங்காமல் போனது போன்ற இன்னொரு குழிவும் இருக்கிறது. எந்த ஆணி எங்கே கிடந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் இந்த வாதத்தையே தொடங்க முடியாது. புதைகுழி அகழாய்வு என்றால் எலும்பை வெளியே எடுப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எலும்பை எடுப்பது கடைசி அரைநாள் வேலை. எது எதன்மேல், எதன் பக்கத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்று பதிவதில்தான் மற்ற நேரம் முழுவதும் போகிறது. எலும்பை எடுத்த பிறகு அதைத் திரும்பப் பார்க்க வழியில்லை.

எங்கே புதைத்தார்கள்

ஊருக்குள் பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது ரோமானியரின் மிகப் பழைய சட்டம். கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. அதனால் நகரங்களில் கோட்டை வாசலைத் தாண்டி, சாலையோரமாக நூற்றுக்கணக்கான கல்லறைகள் நீள்கின்றன. கிராமத்தில் கோட்டையும் இல்லை, வாசலும் இல்லை. வயல் வரப்பை ஒட்டிய பள்ளம், வண்டிப்பாதையின் ஓரம், ஆட்டுப்பட்டியின் மூலை என்று கிடைத்த எல்லைகளில் ஐந்து, பத்து, இருபது எனப் புதைத்திருக்கிறார்கள். ஒரே பண்ணையில் இரண்டு தலைமுறை புதைந்த இடமாகவும் அது இருக்கலாம்.

தமிழில் இடுகாடு, சுடுகாடு என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. ரோமானியர் காலப் பிரிட்டனில் இரண்டும் ஒரே நிலத்தில் கலந்து வரும். கி.பி. முதல் இரு நூற்றாண்டுகளில் எரிப்பது பெருவழக்கு; பிறகு மெல்ல மெல்லப் புதைக்கும் பழக்கம் மேலோங்கியது. தோண்டுபவர் இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும். இரண்டுக்கும் முறை வேறு.

தோண்டுவதற்கு முன்

இங்கிலாந்தில் இத்தகைய அகழாய்வுகளில் பெரும்பாலானவை ஆராய்ச்சிக்காகத் தொடங்குவதில்லை. வீடோ சாலையோ மணல் குவாரியோ வரப்போகிறது. அனுமதி வேண்டுமானால் கட்டுபவர் தம் செலவில் நிலத்தை முதலில் ஆராய வைக்க வேண்டும். பழைய வரைபடங்களையும் வான்வழிப் படங்களையும் பார்ப்பார்கள். பிறகு மண்ணின் காந்தத்தன்மையை அளக்கும் கருவியான காந்தமானியால் நிலத்தை அளப்பார்கள். அதன்பின் நிலப்பரப்பில் சில சதவீதம் வரும்படி நீண்ட சோதனைப் பள்ளங்கள் வெட்டுவார்கள்.

புதியவர்கள் ஏமாறும் இடம் காந்தமானிதான். பழைய வாய்க்கால் அதில் பளிச்சென்று தெரியும்; புதைகுழி பெரும்பாலும் தெரியாது. வாய்க்கால் பல ஆண்டுகள் திறந்து கிடந்து, மேல்மண்ணும் அடுப்புச் சாம்பலும் சேர்ந்து தூர்ந்தது. அந்த மண்ணின் காந்தத்தன்மை வேறு. புதைகுழியோ காலையில் வெட்டி, மாலையில் அதே மண்ணைப் போட்டு மூடியது. கருவிக்குப் பெரிய வேறுபாடு கிடைப்பதில்லை. எனவே அளவீட்டுப் படத்தில் ஒன்றும் இல்லை என்பதை வைத்து நிலத்தில் யாரும் புதையவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. வாய்க்கால் தெரிந்தால் அதன் கரையில் குழிகளை எதிர்பார்ப்பதே அனுபவசாலிகளின் வழக்கம்.

மனித எலும்பு தென்பட்டால் அங்கேயே வேலையை நிறுத்த வேண்டும். எலும்பு பழையதா என்ற சந்தேகம் இருந்தால் காவல்துறைக்கும் மரண விசாரணை அதிகாரிக்கும் சொல்ல வேண்டும். தொன்மையானது என்று உறுதியான பிறகும், 1857-ஆம் ஆண்டின் புதைப்புச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி நீதித்துறை அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் எடுக்க முடியாது. பொதுமக்கள் பார்வையில் படாதபடி மறைப்புக் கட்ட வேண்டும், மரியாதையுடன் கையாள வேண்டும் என்பவை அந்த உரிமத்தின் வழக்கமான நிபந்தனைகள்.

மேல்மண்ணை நீக்குவது

இங்கே கரண்டிக்கு வேலையில்லை, பொக்லைன்தான். ஆனால் பல் வைத்த வாளியைக் கழற்றிவிட்டு, பல்லில்லாத அகலமான வாளியை மாட்ட வேண்டும். பல் வாளி தரையைக் கீறிவிடும். கீறிய தரையில் குழியின் விளிம்பு தெரியாது. ஒருவர் வாளிக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருக்க, 5 முதல் 10 செ.மீ. கனத்தில் ஒவ்வொரு சீவலாக எடுக்க வேண்டும். உழவு மண் போய், மனிதக் கை படாத இயற்கை மண் தலைகாட்டும் மட்டத்தில் நிறுத்த வேண்டும். சீவி முடித்த பரப்பின்மேல் வண்டி திரும்ப ஏறக் கூடாது. பொக்லைன் பின்னோக்கியே நகர வேண்டும்.

பெரியவர் ஒருவரின் குழி ஏறக்குறைய 2 மீட்டர் நீளமும் 60, 70 செ.மீ. அகலமும் உள்ள மங்கலான நீள்சதுரமாகத் தெரியும். தெரிந்தால் அதிர்ஷ்டம். சரளை மண்ணில் குழி மண்ணுக்கும் சுற்று மண்ணுக்கும் நிறம் கிட்டத்தட்ட ஒன்றே. கோடை வெயிலில் காய்ந்துவிட்டால் எல்லாம் ஒரே வெளுப்பு. தண்ணீர் தெளித்துப் பார்க்க வேண்டும். அல்லது மழை பெய்த மறுநாள் காலை, சாய்ந்த வெயிலில் பார்க்க வேண்டும். குழி மண் ஈரத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்துவைத்திருக்கும். அவசரப்பட்டு இன்னும் ஐந்து செ.மீ. சீவுவோம் என்று இறங்கினால் மண்டையோடு வாளியில் வரும். படுத்த உடலில் உயரமான பகுதி தலை. தலையணைபோல் மண்ணை வைத்து உயர்த்தியிருந்தால் இன்னும் உயரம். முதலில் அடிபடுவது அதுதான். பல நூற்றாண்டு உழவு கலப்பை ஏற்கெனவே பாதி வேலையைச் செய்திருக்கும். 20 செ.மீ. ஆழம் மட்டுமே மிஞ்சிய குழிகள் சாதாரணம்.

குழிக்குள்

ஒரு புதைகுழிக்கு ஒரே எண் போதாது. வெட்டிய குழிக்கு ஓர் எண், எலும்புக்கூட்டுக்கு ஓர் எண், பெட்டி இருந்ததற்குத் தடயம் இருந்தால் அதற்கு ஓர் எண், மூடிய மண்ணுக்கு ஓர் எண். இவை நான்கும் நான்கு தனி நிகழ்ச்சிகள். தோண்டும் வரிசை அவற்றுக்கு நேர் எதிர்த்திசை. கடைசியாக விழுந்த மண் முதலில் வெளியே வரும்.

குழியின் குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் படுத்தோ மண்டியிட்டோ வேலை செய்ய வேண்டும். குழிக்குள் முழங்காலை ஊன்றினால் அழுந்துவது எங்கோ இருக்கும் விலா எலும்பு. மேல்பகுதியில் கொத்துக்கரண்டி போதும். எலும்பை நெருங்கியதும் மரக்குச்சி, பிளாஸ்டிக் கரண்டி. உலோகம் நனைந்த எலும்பில் கோடு கிழிக்கும். கழுத்து முள்ளெலும்பில் விழும் அந்தக் கோடு பிறகு பெரிய வம்பாகும், கீழே சொல்கிறேன். தூரிகை எல்லாவற்றுக்கும் மருந்து என்ற நினைப்பும் தவறு: உலர்ந்த மண்ணில் நன்று, ஈர மண்ணில் சேற்றைப் பூசும். குழந்தையின் விலா எலும்பை அது இடம் மாற்றிவிடும்.

ஆணிகள் முதலில் வரும். மரப்பெட்டி மக்கிப்போயிருக்கும், மிஞ்சுவது இரும்பு ஆணி மட்டுமே. ஒவ்வொன்றையும் அது நிற்கும் மண்ணோடு சிறு மேடையாக விட்டுவிட்டுச் சுற்றித் தோண்ட வேண்டும். எல்லாம் தெரிந்த பிறகு நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து, கூர் எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதையும் எழுதி எடுத்தால், காணாமல்போன பெட்டியின் வடிவம் தாளில் எழுந்துவிடும். ஆணியைத் தேய்த்துச் சுத்தம் செய்யக் கூடாது, கழுவவே கூடாது. துருவில் மரநார் கல்லாக உறைந்திருக்கும். ஓர் ஆணியில் நாரின் திசை எந்த இடத்தில் மாறுகிறதோ அதுவரை ஒரு பலகை, அதற்குமேல் இன்னொரு பலகை. பலகையின் கனத்தை மில்லிமீட்டரில் சொல்லும் ஒரே சாட்சி அந்தத் துருதான்.

காலடியில் கொத்தாகச் சின்னச் சின்ன ஆணிகள் வந்தால் அவை செருப்பாணிகள். ரோமானியர் காலத்துத் தோல் காலணிகளின் அடியில் அவற்றை அடித்திருப்பார்கள். பாத எலும்புக்குக் கீழே இருந்தால் காலணியை அணிவித்துப் புதைத்திருக்கிறார்கள். பக்கத்தில் தனியாக, அடிப்பக்கம் மேல்நோக்கி இருந்தால் காணிக்கையாக வைத்திருக்கிறார்கள். கொத்தைக் கலைக்காமல் மண்ணோடு ஒரே கட்டியாக எடுத்து எக்ஸ்ரே எடுப்பதே சரி. இடது, வலது தனித்தனிப் பை.

உடல் எப்படிக் கிடக்கிறது

எலும்புகள் முழுவதும் வெளித்தெரிந்ததும் கையை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும் நேரம் இது. பிணத்தின்மேல் நேரடியாக மண் போட்டிருந்தால், தசை அழுகும்போதே அந்த இடத்தை மண் நிரப்பிவிடும். எலும்புகள் நின்ற இடத்திலேயே நிற்கும். மூடிய பெட்டிக்குள் இருந்தால் சுற்றிலும் காற்று வெளி. இடுப்பெலும்பு இரண்டும் விரிந்து சாயும், முழங்கால் சில்லு பக்கவாட்டில் உருண்டுவிடும், தாடை தொங்கிவிடும். ஓர் ஆணிகூடக் கிடைக்காத குழியிலும் மரமுளை அடித்த பெட்டி இருந்ததை இப்படிக் கண்டுபிடிக்கலாம். தோள்களும் முழங்கால்களும் நெருக்கிக் குறுகியிருந்தால் துணியில் இறுகச் சுற்றியிருக்க வாய்ப்பு.

கேம்பிரிட்ஜ்ஷயரிலேயே சோமர்ஷம் அருகே நாப்ஸ் பண்ணை என்ற இடத்தில், மணல் குவாரிக்கு முன் தோண்டிய மூன்று சிறு இடுகாடுகளில் 52 புதைப்புகள். அவற்றில் 17 பேருக்குத் தலை துண்டிக்கப்பட்டிருந்தது. பலர் குப்புறக் கிடந்தார்கள். தலை காலடியில் இருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் தலைவெட்டு என்று எழுதிவிடக் கூடாது. கலப்பையும் முயல் வளையும் மண்டையோட்டை நகர்த்தும். தாடையும் கழுத்தின் மேல் முள்ளெலும்புகளும் தலையோடு சேர்ந்தே போயிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சேர்ந்திருந்தால் தசை இருந்தபோதே பிரிந்த தலை. பிறகு முள்ளெலும்பில் வெட்டுத் தழும்பு. பழைய வெட்டின் நிறம் சுற்றியுள்ள எலும்பின் நிறமாகவே இருக்கும். கொத்துக்கரண்டி நேற்றுக் கீறியது வெளுப்பாகத் தெரியும். உலோகத்தை ஓரம்கட்டச் சொன்னது இதற்குத்தான்.

ஒரு குழி இன்னொன்றை வெட்டிப் போவதும் உண்டு. பிறகு வந்தவர்கள் பழைய எலும்புகளைப் பொறுக்கி ஓரத்தில் குவித்து வைத்திருப்பார்கள். அதைக் கவனிக்காதவர் மூன்று தொடையெலும்புள்ள மனிதரோடு ஆய்வகத்துக்குப் போவார்.

படமும் பையும்

அளவுகோலும் வடக்கு அம்பும் வைத்து நேர்மேலிருந்து படம். இப்போது சுற்றிச் சுற்றி ஐம்பது அறுபது படம் எடுத்து, டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியில் அளந்த குறிகளோடு கணினியில் முப்பரிமாண உருவத்தை உருவாக்குகிறார்கள். கையால் வரைவதைவிட வேகம், துல்லியமும் அதிகம். ஆனால் கையால் வரைபவர் ஒவ்வொரு எலும்பையும் பார்த்தாக வேண்டும். கேமராவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எலும்புக்கூட்டுப் படிவத்தில் கிடைத்த எலும்புகளுக்கு நிறம் தீட்டும் பழைய வேலையை விட்டுவிடாமல் இருப்பது நல்லது. தலை, இடுப்பு, பாதம் மூன்று இடத்திலும் உயர மட்டம் எடுக்க வேண்டும்.

தெளிவாக்கிய எலும்புக்கூட்டை முடிந்தவரை அன்றே எடுத்துவிட வேண்டும். வெயில் எலும்பை வெடிக்கவைக்கும், இரவு உறைபனி உரித்துவிடும், திருடனும் வரலாம். இடையில் நிறுத்த நேர்ந்தால் ஈரமாக வைத்து மூடவேண்டும். ஒரு பெரியவரின் குழிக்கு ஒருவர் ஒன்றிரண்டு நாள் என்று கணக்குப் போடுவது நியாயம். மேலாளர்கள் அரைநாள் என்று போடுவார்கள்.

மனித உடலில் 206 எலும்புகள். அவற்றில் பாதிக்கு மேல் கைகளிலும் பாதங்களிலும். இடது கை, வலது கை, இடது பாதம், வலது பாதம், இடது விலா, வலது விலா, முதுகெலும்பு, தலை என்று தனித்தனிப் பை. பிரித்து வைத்தால் ஆய்வகத்தில் மணிக்கணக்கு மிச்சம். ஒவ்வொரு பையிலும் உள்ளே ஒரு சீட்டு, வெளியே அதே எண். சீட்டு கிழியாத, தண்ணீருக்குக் கரையாத வகையாக இருக்க வேண்டும்.

எலும்புக்குக் கீழும் நடுவிலும் இருக்கும் மண்ணைக் கொட்டிவிடக் கூடாது. தலைப்பகுதி, வயிற்றுப்பகுதி, பாதப்பகுதி என்று குறைந்தது மூன்று மண் மாதிரிகளாக எடுத்துச் சல்லடையில் சலிக்க வேண்டும். தலைப்பக்கத்தில் விழுந்த பற்கள், தொண்டையின் நாவடி எலும்பு, காதின் உள்ளெலும்புகள் கிடைக்கும். வயிற்றுப்பகுதியில் குடற்புழுவின் முட்டை, சிறுநீரகக் கல். இறந்த பெண் கருவுற்றிருந்தால் கருவின் எலும்பு. குறைமாதக் குழந்தையின் எலும்பைக் கோழி எலும்பு என்று விலங்கெலும்புப் பையில் போட்ட தவறு நிறையவே நடந்திருக்கிறது. கைக்குழந்தைகள் இடுகாட்டில் குறைவாகக் கிடைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அவர்களைப் பெரும்பாலும் வீட்டை ஒட்டியே புதைத்தார்கள். பல் முளைக்காத குழந்தையை எரிப்பதில்லை என்பது பொது வழக்கம் என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினியும் எழுதிவைத்திருக்கிறார்.

எரித்துப் புதைத்தது

தமிழ் வாசகருக்கு இங்கே முதுமக்கள் தாழி நினைவுக்கு வரும். கொந்தகையிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த, எலும்பை அப்படியே கொள்ளும் அந்தப் பெருந்தாழி வேறு. இது சமையல்கட்டில் புழங்கிய சாதாரணக் கலயம், ஒரு சாண் உயரம் இருந்தாலே பெரிது. உள்ளே எரிந்து நொறுங்கிய எலும்பு.

களத்தில் கலயத்துக்குள் கைவைக்கக் கூடாது. சுற்றித் தோண்டி, துணிக்கட்டால் இறுகச் சுற்றி, முழுதாகத் தூக்கி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், 2 செ.மீ. அடுக்குகளாக எடுக்க வேண்டும். காலெலும்பு அடியிலும் மண்டையோட்டுத் துண்டு மேலேயும் இருந்தால், பொறுக்கியவர் காலிலிருந்து தொடங்கினார் என்று ஊகிக்கலாம். வெறுங்குழியில் கொட்டியதாக இருந்தால் நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, மண் முழுவதையும் எடுத்து 10, 5, 2 மி.மீ. சல்லடைகளில் சலிக்க வேண்டும். நிறமும் பேசும். கறுப்பு என்றால் குறைந்த சூடு, நீலச்சாம்பல் என்றால் அதற்குமேல், வெள்ளை என்றால் 600 பாகை செல்சியஸுக்கு மேல். இன்றைய தகன மேடையில் ஒரு பெரியவரின் எலும்பு ஏறக்குறைய 1 முதல் 2.4 கிலோ வரும். கலயத்தில் பெரும்பாலும் அதைவிடக் குறைவுதான்; முழுவதையும் பொறுக்கி இட்டாக வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை போலும்.

காலம் கணிப்பது

குழி மண்ணில் கிடைத்த ஓட்டுச்சில்லு குழியின் காலத்தைச் சொல்லாது. அது குழி வெட்டுவதற்கு முன்பே அந்த நிலத்தில் கிடந்த குப்பையாக இருக்கலாம். வாயிலோ கையிலோ வைத்த நாணயம் மேல். ஆனால் அதுவும் 'இதற்கு முன் அல்ல' என்பதோடு நிற்கும், ஐம்பது வருடம் கைமாறிய பழைய காசாக இருக்கலாம். பொருள் எதுவும் இல்லாத ஏழைக் குழிகளே கிராமத்தில் அதிகம். அங்கே, எலும்பில் மிஞ்சிய கதிரியக்கக் கார்பனை அளந்து காலம் கணிக்கும் கார்பன் 14 சோதனை ஒன்றே கதி. ஃபென்ஸ்டான்டன் மனிதருக்குக் கிடைத்த விடை கி.பி. 130 முதல் 360 வரை. 230 வருட இடைவெளி! சோதனையில் குறையில்லை. வளிமண்டலத்தில் கார்பன் 14-இன் அளவு ஏறியிறங்கியதால், ஒரே அளவீடு பல நூற்றாண்டுகளுக்குப் பொருந்திப்போகிறது. ஒன்றையொன்று வெட்டும் குழிகள் மூன்று நான்கு இருந்து, எது முந்தியது என்று களத்தில் சரியாகப் பதிந்திருந்தால், அந்த வரிசையைக் கணக்கில் சேர்த்து இடைவெளியைச் சுருக்கலாம்.

அதே கேம்பிரிட்ஜ்ஷயரில், ஏ14 நெடுஞ்சாலைப் பணிக்காக ஆஃபர்டு க்ளூனி என்ற ஊரருகே தோண்டியபோது, பண்ணைப் பாதையோரப் பள்ளம் ஒன்றில் இளைஞர் ஒருவரின் எலும்புக்கூடு தனியாகக் கிடைத்தது. பெட்டியில்லை, மணியில்லை, காசில்லை. கார்பன் 14 சொன்னது கி.பி. 126 முதல் 228. மண்டையோட்டில் உள்காதைச் சுற்றிய கெட்டி எலும்பில்தான் பழைய மரபணு நன்றாகத் தங்கும். அதிலிருந்து எடுத்துப் பார்த்ததில், அவருடைய முன்னோர், கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட காக்கசஸ் பக்கத்து சர்மாத்தியர் என்ற குதிரையேறும் நாடோடி மக்களோடு தொடர்புடையவர்கள் என்று 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. பல்லின் வேதியியலோ, ஐந்து வயதுவரை தினை போன்ற சிறுதானியம் அதிகம் உண்டவர், பிறகு உணவு மாறியவர் என்றது. சிறுவயதில் உருவாகிய பல் பிறகு மாறுவதில்லை. அதனால் அது பிறந்த ஊரின் சாப்பாட்டைப் பிடித்து வைத்திருந்தது. கி.பி. 175-ல் சர்மாத்தியக் குதிரைவீரர் 5,500 பேரைப் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ் பிரிட்டனுக்கு அனுப்பினார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் தியோ எழுதியிருக்கிறார். இளைஞர் அந்தப் படையோடு வந்தவரா, படைவீரரின் மகனா என்பதற்கு எலும்பில் விடையில்லை.

கழுவும்போது எலும்பை ஊறவைக்காமல், மெல்லிய பல்துலக்கியால், வலைக்கு மேலே வைத்துக் கழுவி, நிழலில் மெதுவாகக் காயவைக்க வேண்டும். ஒரு பல்லையும் உள்காது எலும்பு ஒன்றையும் கழுவாமலே தனியாக எடுத்துவைப்பவர்கள், பின்னால் மரபணு ஆய்வு செய்ய வருகிறவர்களின் நன்றிக்கு உரியவர்கள்.